மழைக்குளிரில் கோழிக்குஞ்சுகளைக் காக்கத் தெர்மோஸ்டாட் இணைப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தண்ணீர் உறைவதில்லை. உறைபனியைப் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோதான் போக வேண்டும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. ஆனி, ஆடி மாதச் சாரலின்போதும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போதும் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் இரவு வெப்பநிலை அதற்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழே இறங்கிவிடும். முதல் இரண்டு வாரங்களில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு முழுமையாக வந்திருக்காது. நமக்கு ஒரு போர்வையோடு தீர்ந்துபோகும் குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை நசுங்கி மூச்சடைத்துச் செத்துப்போகும். காலையில் கூட்டைத் திறந்து பார்ப்பவர் அதை நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுவதும் உண்டு.

இந்தக் குளிரைச் சமாளிக்க இதுவரை பயன்பட்டுவந்தது குண்டு பல்பு. மாலையில் போட்டுவிட்டுக் காலையில் அணைப்பதே வழக்கம். இடையில் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் பல்புக்குத் தெரியாது. அந்தப் பல்பின் இணைப்பில் ஒரு தெர்மோஸ்டாட்டைச் சேர்த்துவிட்டால், குளிர்ந்தால் எரியவும் சூடானால் அணையவும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஐம்பது முதல் இருநூறு குஞ்சுகள் வரை வீட்டுப் பின்புறத்தில் வளர்க்கத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்து, அந்த அமைப்பை எப்படிச் செய்வது என்று இங்கே விளக்குகிறேன்.

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் தண்ணீர்க் குழாயும் கால்நடைத் தொட்டியும் உறையாமல் இருப்பதற்காக, தெர்மோஸ்டாட் உள்ளேயே பொருத்தப்பட்ட சிறிய பிளக்குகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை சுமார் 2 டிகிரி செல்சியஸில் மின்சாரத்தை விடும். 7 டிகிரியில் நிறுத்திவிடும். அந்த அளவை நாம் மாற்ற முடியாது. நம் ஊரில் அது ஒருநாளும் எரியப்போவதில்லை. அதோடு அது 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. நம்முடையது 230 வோல்ட். உறவினர் அனுப்பும் பெட்டியில் வந்தாலும் அதைக் கூட்டில் மாட்ட வேண்டாம்.

எந்தக் கருவியை வாங்குவது

நம் கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒருபுறம் பிளக்கும் மறுபுறம் சாக்கெட்டும் கொண்டு, நீண்ட வயரின் நுனியில் வெப்பத்தை உணரும் சென்சாருடன் முழுமையாக மூடிய பெட்டியாக வருவது. சுவரில் செருகி, பல்பின் வயரை அதில் செருகினால் வேலை முடிந்தது. விலை சற்றுக் கூடுதல் என்றாலும் மின்வேலை தெரியாதவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, முட்டை பொரிக்கும் பெட்டி செய்கிறவர்கள் பெரிதும் பயன்படுத்தும் எஸ்டிசி-1000 வகைக் கருவி. இது நேரடியாக 230 வோல்ட்டில் இயங்கும். சூடாக்குவதற்கு ஒன்று, குளிர்விப்பதற்கு ஒன்று என்று இரண்டு ரிலேக்கள், அதாவது கருவியே போட்டு அணைக்கும் ஸ்விட்சுகள், இதில் உண்டு. பின்புறம் எட்டு முனைகள் இருக்கும்: 1, 2 கருவிக்கான மின்சாரம், 3, 4 சென்சார், 5, 6 சூடாக்கும் ரிலே, 7, 8 குளிர்விக்கும் ரிலே. புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. 5, 6 முனைகளில் தானாக மின்சாரம் வராது. அவை வெறும் ஸ்விட்ச் மட்டுமே. ஆகவே முதல் முனைக்கு வரும் ஃபேஸ் வயரிலிருந்து ஒரு துண்டு வயரை 5-க்குக் கொண்டுபோய், 6-லிருந்து பல்பு ஹோல்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நியூட்ரல் நேராகப் பல்புக்குப் போகும். பல்பை வெறுமனே 5, 6 முனைகளில் இணைத்துவிட்டு, ‘கருவி எரிகிறது, பல்பு எரியவில்லை’ என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர்.

மூன்றாவது, டபிள்யூ1209 என்னும் சிறிய பச்சைநிறப் பலகை. விலை மிகக் குறைவு. ஆனால் அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், மேல்மூடி கிடையாது, 230 வோல்ட் செல்லும் பாகங்கள் வெளியே தெரியும்படி இருக்கும். உமித்தூசியும் மழை ஈரமும் நிறைந்த கோழிக்கூட்டில் அதைத் திறந்தபடி தொங்கவிடுவது ஆபத்து. மின்பணி அறிந்தவர் மூடிய பெட்டிக்குள் வைத்துத் தந்தால் பயன்படுத்தலாம்.

எதை வாங்கினாலும் சூடாக்கும் முறை, குளிர்விக்கும் முறை ஆகியவற்றில் எதில் இருக்கிறது என்று பாருங்கள். டபிள்யூ1209 பலகையில் இதை முடிவுசெய்வது பி0 என்னும் அமைப்பு. சூடாக்குவதற்கு அது ‘எச்’ என்ற எழுத்தைக் காட்ட வேண்டும், ‘சி’ என்றால் குளிர்விப்பது. தொடக்க வெப்பம், நிறுத்த வெப்பம் என்று இரண்டு எண்களைக் கேட்கும் கருவிகளில், தொடக்க எண் நிறுத்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால்தான் அது சூடாக்கும் முறை. மாற்றி வைத்துவிட்டால், கூடு சூடானதும் பல்பு எரியத் தொடங்கி மேலும் மேலும் சூடாக்கிக்கொண்டே போகும்.

எத்தனை வாட், எப்படிப் பிரிப்பது

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. நூறு குஞ்சுகளுக்கு 200 வாட். 60 வாட் குண்டு பல்பு நான்கு மாட்டினால் 240 வாட் வரும், தாராளமாகப் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், வெப்பம் தராது. இப்போது குண்டு பல்பு எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால், கோழித்தீவனம் விற்கும் கடைகளில் அகச்சிவப்பு பல்பைக் கேட்டு வாங்கலாம். ஆனால் நூறு குஞ்சுகளுக்கு ஒரே 250 வாட் பல்பைவிடச் சிறிய பல்புகள் இரண்டு மூன்று மேல். ஒன்று பழுதானாலும் மற்றவை இரவைக் கடத்திவிடும்.

நான்கு பல்புகளையும் தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்க வேண்டாம் என்பது நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. வெப்பம் சரியான அளவை எட்டியதும் கருவி எல்லாப் பல்புகளையும் அணைத்துவிடும். கூடு சட்டென்று இருண்டுபோகும். வெளிச்சத்தில் மேய்ந்துகொண்டிருந்த குஞ்சுகள் அந்த நொடியில் மிரண்டு ஒரு மூலையில் குவிந்துகொள்ளும். சில நிமிடங்களில் பல்பு மறுபடி எரியும், மறுபடி அணையும். குளிரில் நசுங்குவதைத் தடுக்க மாட்டிய கருவியே குஞ்சுகள் நசுங்கக் காரணமாகிவிடும். ஆகவே ஒரு பல்பை நேரடி இணைப்பில் எப்போதும் எரியவிட்டு, மற்ற மூன்றை மட்டும் தெர்மோஸ்டாட்டில் இணைப்பது நல்லது. வெயில் ஏறும் நாள்களில் அந்த ஒரு பல்பின் வெப்பம்கூட அதிகமென்றால், அதன் இடத்தில் சிறிய எல்.இ.டி. பல்பை மாட்டலாம், வெளிச்சம் மட்டும் தொடர்ந்து இருந்தால் போதும். வெளிச்சமில்லாமல் வெப்பம் மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். அப்போதும் விளக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

மின்சாரச் செலவையும் சொல்லிவிடுகிறேன். மூன்று 60 வாட் பல்புகள் நாள் முழுவதும் எரிந்தால் 4.3 யூனிட் ஆகும். தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்து வைத்தால் 2.2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

இணைப்பும் பாதுகாப்பும்

240 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1 ஆம்பியர்தான். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்கும். ஆனால் ஈரமான இடத்தில் மின்சாரம் கொண்டுசெல்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. வீட்டின் மின்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் வயர் உள்ள மூன்று முனை பிளக்கையே பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் கிடத்தாமல், ஓட்டுத் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்து, நெஞ்சளவு உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். கூட்டுக்குள் வரும் வயரை கூட்டை நோக்கிச் சரிவாக விடாமல், நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வயர் வழியாக வழியும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் சில நாள்களில் இளகி, பல்பு கீழே விழும். பல்பு விழும் இடம் காய்ந்த உமி. பல்பு அமைப்பை வயரிலேயே தொங்கவிடாமல் சங்கிலியிலோ இரும்புக் கம்பியிலோ கட்டுங்கள். அகச்சிவப்பு பல்பானால் தரையில் பரப்பிய உமிக் கூளத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இறக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டை மாட்டியவுடன் வருகிற தைரியத்தில் பலரும் தவறவிடும் இடம் இது. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கருவி அணைந்ததாகக் காட்டினாலும் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அப்படி எரிந்தாலும் தீப்பிடிக்காத உயரமும், குஞ்சுகள் ஒதுங்கி நிற்கக் குளிர்ந்த ஓரமும் கூட்டில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வாட்டைக் கூட்டாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

சென்சாரை எங்கே வைப்பது

இந்த வேலையின் உயிர்நிலை இதுதான். ஆயிரம் ரூபாய்க் கருவியின் சென்சாரைத் தவறான இடத்தில் வைப்பதைவிட, முந்நூறு ரூபாய்க் கருவியின் சென்சாரைச் சரியான இடத்தில் வைப்பது குஞ்சுக்கு நல்லது. கருவி கூட்டின் வெப்பத்தை அளப்பதில்லை; சென்சாரின் நுனி இருக்கும் அந்த ஒரு புள்ளியின் வெப்பத்தைத்தான் அளக்கிறது.

நூறு குஞ்சுகளுக்குத் தகடோ அட்டையோ கொண்டு நான்கைந்து அடி விட்டத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டத் தடுப்பு வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு உமி அல்லது மரத்தூள் பரப்பியிருப்பீர்கள். நார்க்கழிவு நம்மூரில் எளிதாகக் கிடைத்தாலும், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காயவைத்தது அல்லாமல் போட வேண்டாம். பல்புகள் வட்டத்தின் நடுவில் தொங்கும். சென்சார் அந்தப் பல்புக்கு நேர் கீழேயும் இருக்கக் கூடாது, தடுப்பை ஒட்டியும் இருக்கக் கூடாது. பல்பின் வெப்பம் நேராக விழும் வட்டத்தின் விளிம்பில், கூளத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில் அது இருக்க வேண்டும்.

அங்கே அதை அப்படியே விட்டுவைத்தால் ஒரு மணி நேரம்கூட அது அந்த இடத்தில் இருக்காது. குஞ்சுகள் கறுப்பு வயரைப் புழு என்று நினைத்துக் கொத்தும். மேலே ஏறி நிற்கும். கிளறிக் கிளறி உமிக்குள் புதைத்துவிடும். புதைந்த சென்சார் காற்றின் குளிரை உணராது. தண்ணீர்க் குவளைக்கு அருகில் இருந்து நனைந்துவிட்டால், ஈரம் காயும்போது நுனி குளிர்ந்து, உண்மையைவிடக் குறைவான வெப்பத்தைக் காட்டும். பல்பு தேவையில்லாமல் எரியும். இதற்கு எளிய வழி, வயரிங் வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. குழாயில் அரை அடித் துண்டு எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளைகள் இட்டு, சென்சாரின் நுனி குழாயின் நடுவில் வரும்படி செருகி, குழாயை ஒரு செங்கல்லோடு சேர்த்துக் கட்டி வைப்பதுதான். காற்று உள்ளே புகும், அலகு புகாது. பல்பின் கதிர் நேராக நுனியில் படாமல் குழாயே மறைத்தும் கொள்ளும்.

எல்லாவற்றிலும் கொடியது, வயர் இழுபட்டுச் சென்சார் தடுப்புக்கு வெளியே விழுந்துவிடுவது. வெளியே 24 டிகிரி. கருவி அதையே கூட்டின் வெப்பம் என்று நம்பி, விடியும்வரை பல்பை அணைக்காது. ஆகவே வயரைத் தடுப்பின் விளிம்பில் ஓர் இடத்திலும் கூரைக் கம்பில் ஓர் இடத்திலும் இறுகக் கட்டுங்கள்.

அளவைச் சரிபார்த்து, எண்களை இடுவது

புதுக் கருவி ஒன்றிரண்டு டிகிரி தள்ளிக் காட்டுவது இயல்பு. ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பிச் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சார் நுனியை ஐந்து நிமிடம் அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். மீன் சந்தையில் வாங்கிய ஐஸ் வேண்டாம்; உப்பு கலந்திருந்தால் கணக்குத் தவறும். இன்னும் பயனுள்ள சோதனை, 38 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது. நமக்கு வேண்டிய வெப்பம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. வேறுபாடு இருந்தால் எஸ்டிசி-1000 கருவியில் எஃப்4, டபிள்யூ1209 பலகையில் பி4 என்னும் இடத்தில் அந்த அளவைத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வாரம் 35 டிகிரி, இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29, நான்காம் வாரம் 26 என்று வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே நாளில் 3 டிகிரியை இறக்காமல், இரண்டு நாளுக்கு ஒரு டிகிரி என்று இறக்குவது குஞ்சுகளுக்கு இதம். பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையிலான வேறுபாட்டை எஸ்டிசி-1000 கருவியில் எஃப்2, டபிள்யூ1209 பலகையில் பி1 தீர்மானிக்கின்றன. அதை 1 டிகிரி என்று வைத்தால் போதும். 0.3 என்று மிக நுட்பமாக வைத்தால் பல்பு ஓயாமல் எரிந்து அணைந்து, இழையும் ரிலேயும் சீக்கிரம் தேய்ந்துபோகும். 3 டிகிரி என்று வைத்தால் குஞ்சுகள் அத்தனை ஏற்ற இறக்கத்தையும் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

குஞ்சுகள் வருவதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் மாட்டி, வெறும் கூட்டை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். நடுவில் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, மின்சாரம் போய் வந்த பிறகும் நீங்கள் இட்ட எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி நம்மூருக்கு ஆகாது.

குஞ்சுகளைப் பார்த்துத் திருத்துவது

கருவி 35 என்று காட்டுகிறது, ஆனால் குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்து, ‘கீச் கீச்’ என்று விடாமல் கத்துகின்றன என்றால், நம்ப வேண்டியது குஞ்சுகளைத்தான். ஒரு டிகிரி கூட்டுங்கள், அல்லது சென்சாரைச் சற்று வெளிப்புறமாக நகர்த்துங்கள். குஞ்சுகள் பல்பை விட்டு விலகித் தடுப்பை ஒட்டி நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையைத் தளர்த்தினால் வெப்பம் அதிகம். வட்டம் முழுவதும் பரவி, சில தின்றும் சில படுத்தும் இருந்தால் சரியான அளவு. எல்லாக் குஞ்சுகளும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் அது தெர்மோஸ்டாட்டின் கோளாறு அன்று. எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பகுதிக்காரர்கள் இந்தக் கடைசி அடையாளத்தைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக வீசும் மாதங்களில் அங்கே மழையைவிடக் காற்றே குஞ்சுக்கு எதிரி. மேற்குப் பக்கத்தில் தார்ப்பாயோ சாக்கோ கட்டாமல் எத்தனை வாட் போட்டாலும் வெப்பம் நிற்காது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் நிலைமை வேறு. காற்று குறைவு, ஈரம் அதிகம். அங்கே மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாயால் இறுக மூடிவிடுகிறார்கள். வெப்பம் நிற்கும், ஆனால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் உள்ளேயே நிற்கும். நீங்கள் குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால் குஞ்சுக்கு அது பொறுக்க முடியாத அளவு. கூரையை ஒட்டி மேலே அரை அடி திறந்தே இருக்கட்டும்.

பார்க்க வேண்டிய நேரங்கள் இரண்டு: இரவு பத்து மணி, விடியற்காலை நான்கு மணி. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படியும் எழுந்துவிடுவார்கள். போகும் வழியில் கூட்டை எட்டிப் பார்த்துவிடலாம். பகலில் மழை விட்டு வெயில் அடிக்கும்போது தகரக் கூரையின் கீழ் வெப்பம் சட்டென்று ஏறும். ஆள் இல்லாத அந்த நேரத்தில் பல்பை அணைத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட் செய்யும் பெரிய உதவி என்பது என் கருத்து. இரவில் எரியவைப்பதை ஒரு சாதாரண ஸ்விட்சும் செய்துவிடும்.

மின்சாரம் போனால்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அவ்வளவு பெரிய புயல் இல்லாவிட்டாலும், ஐப்பசி மாத மாலை இடிமழையில் ஓரிரு மணி நேரம் மின்சாரம் போவது வழக்கம்தான். 150 ஆம்பியர்-மணி பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் இருந்தால் 240 வாட்டை நான்கைந்து மணி நேரம் தாங்கும். வீட்டு விளக்கு, மின்விசிறிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் எவர்சில்வர் குடம் இரண்டில் கொதிநீர் நிரப்பி, இறுக மூடி, சாக்கால் சுற்றித் தடுப்புக்குள் வைத்து, மேலே பாதியளவுக்குப் போர்வை போர்த்தலாம். சிரட்டைக் கரி நெருப்பை மண்சட்டியில் வைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. வைப்பதானால் சட்டியைச் சுற்றித் தகரம் மறைத்து, மேற்புறம் காற்றோட்டம் விட்டே வைக்க வேண்டும். மூடிய கூட்டைக் கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவால் நிரப்பிவிடும். இடி பலமாக இருக்கும்போது கருவியின் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறவர்கள், குடத்து வெந்நீரை வைத்துவிட்டுப் பிடுங்கட்டும்.

நான்காம் வார முடிவில் இறகு முளைத்துவிடும். அப்போது இரவில் 24, 25 டிகிரி இருந்தால் வெப்பம் கொடுக்கத் தேவையில்லை. மழை வலுத்த இரவுகளில் மட்டும் ஒரு பல்பு போதும். கழற்றிய கருவியின் பெட்டியைக் காய்ந்த தூரிகையால் தட்டித் தூசியை நீக்கி, சென்சார் வயரை நெளித்து மடக்காமல் வட்டமாகச் சுற்றி, சமையலறைப் பரணில் ஈரம்படாமல் வையுங்கள். அடுத்த முறை குஞ்சு இறக்குவதற்கு முன் ஐஸ் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். நுனிக்குள் ஈரம் புகுந்த சென்சார் மூன்று நான்கு டிகிரி மாற்றிக் காட்டத் தொடங்கியிருக்கும். அப்படியானால் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம், சென்சாரை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.